பிள்ளை கொதிக்கும்போது புத்தி சொல்லாதீர்கள்: வீட்டில் டி.பி.டி. பழக ஒரு வழிகாட்டி

என் மகள் பிளஸ் ஒன் படித்த வருடம், எங்கள் வீட்டில் வாரத்துக்கு நாலு நாளாவது ஒரு கதவு படாரென்று சாத்தப்படும். காரணம் பெரிதாக ஒன்றும் இருக்காது. தோழி மெசேஜுக்குப் பதில் போடவில்லை, இயற்பியலில் நினைத்ததைவிட எட்டு மதிப்பெண் குறைந்துவிட்டது, தம்பி கேட்காமல் சார்ஜரை எடுத்துவிட்டான். நான் கதவுக்கு வெளியே நின்று அரைமணி நேரம் புத்தி சொல்வேன். நல்ல வார்த்தைகளைத்தான் சொன்னேன், ஆனால் ஒரு வார்த்தைகூட உள்ளே போகவில்லை. ஒரு நாள் அவள் சட்டைக் கையை மடித்தபோது, முன்கையில் நகத்தால் கீறிய தடங்கள் தெரிந்தன. மறுநாள் காலை இருவரும் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் வரிசையில் நின்றோம்.

அங்கே இருந்த உளவியலாளர் மகளிடம் தனியாகப் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "அவளுக்கு நான் சொல்லித் தரப்போறதை நீங்களும் கத்துக்கணும்மா. அவளைக் கொண்டுவந்து விட்டுட்டு வெளியில உட்கார வேண்டாம், கூடவே வாங்க" என்றார். மூன்று வருடம் கழித்து இதை எழுதுகிறேன் என்றால் அந்த ஒரு வார்த்தைதான் காரணம். உணர்ச்சிகளைக் கையாளப் பழக்கும் டி.பி.டி. என்ற சிகிச்சைமுறையில் நாங்கள் பழகியதை, இப்போது அந்தக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கும் வேறொரு அம்மாவுக்கோ அப்பாவுக்கோ வரிசையாகச் சொல்லிவிட வேண்டும்.

தொடங்குவதற்கு முன் ஒன்று. உங்கள் பிள்ளை சாவைப் பற்றிப் பேசினாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வீட்டிலேயே சரிசெய்யப் பார்க்காதீர்கள். 14416 என்ற எண்ணை இப்போதே அழையுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். கீழே சொல்வதெல்லாம் அந்த உதவியோடு சேர்ந்து நடக்க வேண்டியவை.

இது எங்கிருந்து வந்தது

டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, சுருக்கமாக டி.பி.டி. அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்ஷா லினஹன் என்ற உளவியல் பேராசிரியர் உருவாக்கிய சிகிச்சை. தற்கொலை எண்ணத்திலிருந்து மீள முடியாமல் தவித்தவர்களுக்காக அவர் இதைச் செய்தார். முதல் ஆய்வு முடிவு 1991இல் வெளிவந்தது. அதற்கு இருபது வருடம் கழித்து, 2011இல், அவர் ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொன்னார்: பதினேழு வயதில் தானே ஒரு மனநல மருத்துவமனையில் இரண்டு வருடத்துக்கு மேல் அடைபட்டுக் கிடந்த நோயாளி என்று. அதை அதே மருத்துவமனையில் நின்றுதான் சொன்னார். இதை மகளுக்குச் சொன்னபோது அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். நம்மைத் திருத்துவதற்காக யாரோ எழுதிவைத்த பாடம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள், "அப்ப அவங்களுக்கும் இப்படி இருந்திருக்கா" என்றாள்.

பெயரில் இருக்கும் 'டயலெக்டிகல்' என்ற சொல் பயமுறுத்த வேண்டாம். எதிரும் புதிருமாகத் தோன்றும் இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பதுதான் அதன் பொருள். 'நீ இப்போது இருக்கிறபடியே எனக்கு வேண்டும்' என்பதும் உண்மை, 'நீ மாற வேண்டியதும் இருக்கிறது' என்பதும் உண்மை. நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டாவது மட்டும்தான் பிள்ளையின் காதில் விழுகிறது.

பெரியவர்களுக்கான இந்தச் சிகிச்சையை வளரிளம் பருவத்தினருக்கு ஏற்றபடி மாற்றியவர்கள் அலெக் மில்லர், ஜில் ரேதஸ் இருவரும். அவர்கள் செய்த முக்கியமான மாற்றம், பெற்றோரையும் வகுப்பில் உட்காரவைத்தது. நார்வேயில் ஒரு ஆய்வுக் குழு, தங்களைக் காயப்படுத்திக்கொள்ளும் 77 பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 19 வாரம் இதை நடத்திப் பார்த்து 2014இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்கள் தங்களைக் காயப்படுத்திக்கொள்வது குறைந்திருந்தது. இதற்கு நேர்மாறான ஒரு அனுபவமும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களை வைத்து நடந்த ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேருக்கு, பிரச்சினை இருக்கிறதோ இல்லையோ, பொதுவாக எட்டு வாரம் இதை வகுப்பாக எடுத்தார்கள். பலன் கிடைக்கவில்லை. வழக்கமான பாடம் படித்தவர்களைவிட இவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் கொஞ்சம் கூடியிருந்தன, பெற்றோருடனான உறவும் சற்றுக் கெட்டிருந்தது. வீட்டில் பயிற்சி செய்தவர்கள் மட்டும் ஓரளவு நன்றாக இருந்தார்கள். இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: பாடமாக மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு விட்டால் இது வேலை செய்யாது. வீட்டில் புழங்க வேண்டும், பெரியவர்களும் சேர்ந்து புழங்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம் பிள்ளைக்கு எதுவும் சொல்லித் தராதீர்கள்

இந்த இரண்டு வாரமும் உங்களுக்கு. கற்க வேண்டியது ஒன்றே ஒன்று: பிள்ளை ஒரு உணர்ச்சியோடு வரும்போது, அந்த உணர்ச்சி உங்களுக்குப் புரிகிறது என்று முதலில் சொல்லுவது.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் நம் வாயில் தயாராக இருக்கும் வாக்கியங்களை எடுத்துப் பாருங்கள். "இதுக்கெல்லாமா அழுவாங்க?" "உனக்கு என்ன குறை வச்சோம்?" "நாங்க பட்ட கஷ்டத்துல பாதிகூட நீ படல." "ஆம்பளப் பையன் அழலாமா?" "அந்தப் பொண்ணப் பாரு, அதுவும் உன்கூடத்தானே படிக்குது." பாசத்தில்தான் சொல்கிறோம். ஆனால் பிள்ளையின் காதில் இவை எல்லாமே ஒன்றாகத்தான் விழும்: உனக்குள் நடப்பது பொய், அல்லது தப்பு. அப்போது அது தன் வேதனையை நிரூபிக்க இன்னும் சத்தமாகக் கத்தும். இல்லையென்றால் பேசுவதையே நிறுத்திவிடும்.

எங்கள் வீட்டில் முதன்முதலாக இது வேலை செய்த சாயங்காலம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பையைத் தரையில் எறிந்துவிட்டு வந்தாள்.

"எல்லார் முன்னாடியும் என் பேப்பரைத் தூக்கிக் காட்டுனாங்கம்மா."

"நீ ஒழுங்கா எழுதியிருந்தா ஏன் காட்டப் போறாங்க" என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "எல்லார் முன்னாடியுமா? கூசிப் போயிருக்குமேடி" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். அப்புறம் கிரைண்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கிண்ணத்திலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். இருபது நிமிடம் பேசினாள். கடைசியில் அவளாகவே, "ரெண்டு கணக்குல யூனிட் போடாம விட்டுட்டேன், அதுதான்" என்றாள். நான் சொல்ல நினைத்ததை அவளே சொல்லிவிட்டாள்.

இதில் இரண்டு நுணுக்கம் உண்டு. உணர்ச்சியைப் புரிந்துகொள்வது என்றால் செய்த காரியத்தைச் சரி என்று சொல்வதாகாது. தம்பியை அடித்தது சரி என்று நீங்கள் சொல்ல வேண்டாம். 'கேட்காம எடுத்தா எரிச்சல் வரத்தான் செய்யும், ஆனாலும் அடிக்கிறது இந்த வீட்டுல கிடையாது' என்று இரண்டையும் சொல்லலாம். ஆனால் இரண்டாம் பாதியைச் சற்றுப் பொறுத்துச் சொல்லுங்கள். முதல் வாக்கியத்துக்கும் அந்த 'ஆனா'வுக்கும் நடுவில் பத்து நிமிடமாவது இருக்கட்டும். உடனே 'ஆனா' போட்டால், முன்னால் சொன்னது அத்தனையும் அழிந்துவிடும். இன்னொன்று, புரியாததைப் புரிந்ததாக நடிக்காதீர்கள். பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். "எனக்குச் சரியாப் பிடிபடல, இன்னொரு தடவை சொல்லேன்" என்பதே நல்ல பதில்.

கொதிநிலைக்கு: பேச்சு வேண்டாம், உடம்பைப் பாருங்கள்

அடுத்து பிள்ளையோடு சேர்ந்து பழக வேண்டியது இது. கோபமோ பயமோ ஒரு அளவைத் தாண்டிவிட்டால் யோசிக்கும் திறன் அடங்கிப்போகும். பெரியவர்களுக்கும் அப்படித்தான். அந்த நேரத்தில் சொல்லும் எந்த நியாயமும் மூளையில் ஏறாது. ஆகவே பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு அளவுகோலை வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "எவ்வளவு?" என்று கேட்டால் எண் மட்டும் சொன்னால் போதும். ஏழும் அதற்கு மேலும் என்றால் யாரும் விவாதிக்கக் கூடாது, முதலில் உடம்பு தணிய வேண்டும். இந்த விதி அப்பா அம்மாவுக்கும் பொருந்தும். "எனக்கு இப்ப எட்டு, அரைமணி நேரம் கழிச்சுப் பேசுவோம்" என்று என் கணவர் மொட்டை மாடிக்குப் போன நாளிலிருந்துதான் பிள்ளைகள் இதை நம்பினார்கள்.

உடம்பைத் தணிக்கும் வழிகளில் வேகமானது குளிர்ந்த நீர். ஒரு அகலமான பாத்திரத்தில் தண்ணீரை எடுத்து, நன்றாகச் சில்லென்று ஆகும்வரை ஐஸ் கட்டி போடுங்கள். உறைநிலைக்குக் குளிர வேண்டியதில்லை. குனிந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நெற்றி, கண், கன்னம் நனையும்படி முகத்தை முக்க வேண்டும். பதினைந்து விநாடியில் தொடங்கி, முப்பது விநாடி வரை போகலாம். தண்ணீருக்குள் மூழ்கும் பாலூட்டிகளுக்கு இயற்கை வைத்திருக்கும் ஒரு ஏற்பாடு நமக்கும் இருக்கிறது. முகத்தில் குளிர்ந்த நீர் பட்டு மூச்சும் நின்றால் இதயத் துடிப்பு தானாகக் குறையும். பாத்திரம் இல்லாத இடத்தில், ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டைக் கண்ணிலும் கன்னத்திலும் வைத்து, மூச்சைப் பிடித்துக் குனிந்தாலும் பலன் உண்டு. இதய நோய் உள்ளவர்கள், நாடித்துடிப்பு ஏற்கெனவே குறைவாக இருப்பவர்கள், அதைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், சாப்பாட்டை வெறுத்து எடை மிகவும் குறைந்த பிள்ளைகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

இதை முதன்முதலாகக் கோபம் வந்த நேரத்தில் செய்ய வைக்க முடியாது. "போய்த் தண்ணியில முகத்தை வை" என்று கத்தினால் அது தண்டனையாகத்தான் படும். நல்ல மனநிலையில் ஒத்திகை பாருங்கள். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாவு கலக்கும் எவர்சில்வர் பேசினை எடுத்துவைத்தோம். மகன் போனில் டைமர் வைத்துக்கொண்டு அக்காவின் நாடியை எண்ணினான். 92 இருந்தது, முகத்தை எடுத்த கையோடு எண்ணியபோது 78. "பொய் சொல்றான், திரும்ப எண்ணு" என்று அவள் மறுபடி முக்கினாள். அடுத்து அவன், அப்புறம் நான். சட்டை எல்லாம் நனைந்துபோனது. இரண்டு வாரம் கழித்து ஒரு இரவு ஃப்ரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால், இருட்டில் அவளாகவே பேசினில் ஐஸ் போட்டுக்கொண்டிருந்தாள். நான் சத்தமில்லாமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

தண்ணீர் பிடிக்காத பிள்ளைக்கு வேகமான உடற்பயிற்சி. மாடிப்படியில் ஏறி இறங்குவது, ஸ்கிப்பிங், தெருவில் ஓட்டம், பத்து நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு. வகுப்பறையிலும் பஸ்ஸிலும் செய்யக் கூடியது மூச்சு: நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. விடும் மூச்சு இழுப்பதைவிட நீளமாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். நிமிடத்துக்கு ஆறு மூச்சு கணக்காகும். மேசைக்கடியில் விரல்களை இறுக்கி மூச்சை இழுத்து, விடும்போது விரல்களையும் தளர்த்திவிடுவதைச் சேர்த்துக்கொள்ளலாம். தேர்வறையில் கேள்வித்தாள் வாங்கியதும் முதல் இரண்டு நிமிடம் இதைத்தான் செய்ததாக மகள் சொன்னாள்.

இதோடு ஒரு ஷூ பெட்டியும் வைத்துக்கொள்ளுங்கள். கண், காது, மூக்கு, நாக்கு, தொடுகை ஐந்துக்கும் இதமான ஏதாவது ஒன்று அதில் இருக்க வேண்டும். எது என்று பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். எங்கள் பெட்டியில் இஞ்சி மரப்பா, ஒரு சந்தன வில்லை, பழைய இயர்போன், கன்னியாகுமரியில் எடுத்த ஒரு போட்டோ, அவள் பாட்டியின் நூல் புடவையில் கிழித்த ஒரு துண்டு.

பெயர் தெரிந்தால் பாதி பிடிபடும்

எண் நாலு, ஐந்துக்கு இறங்கிய பிறகுதான் இந்தப் பகுதி. என்ன உணர்ச்சி என்று கேட்டால் பிள்ளைகளிடம் இரண்டே சொல்தான் இருக்கும்: கடுப்பு, மூட் அவுட். நம் மொழியில் சொல்லுக்கா பஞ்சம்? ஏக்கம், ஆதங்கம், ஆற்றாமை, தவிப்பு, பதற்றம், மனக்கசப்பு, பொறாமை, அவமானம், குற்றவுணர்வு, வெறுமை, ஏமாற்றம் என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினோம். "கடுப்பு" என்று வந்தவள் தாளைப் பார்த்து, "ஆதங்கமும் பொறாமையும் கலந்து இருக்கு" என்று சொல்ல ஒரு மாதம் ஆனது.

இது வெறும் சொல் விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு உணர்ச்சியும் நம்மை ஒரு காரியத்தை நோக்கித் தள்ளுகிறது. பயம் ஓடச் சொல்லும், கோபம் பாயச் சொல்லும், அவமானம் ஒளியச் சொல்லும், சோகம் சுருண்டு படுக்கச் சொல்லும், குற்றவுணர்வு சரிசெய்யச் சொல்லும். எது என்று தெரிந்தால்தான் அது எங்கே தள்ளுகிறது, அந்தப் பக்கம் போகலாமா வேண்டாமா என்று பார்க்க முடியும்.

நடந்தது எது, நினைத்தது எது

ஒரு தாளை இரண்டாக மடியுங்கள். இடப்பக்கம் நடந்தது, வலப்பக்கம் அதற்கு மனம் சொன்ன அர்த்தம். 'வாட்ஸ்அப்பில் நீலக்குறி விழுந்தது, மூன்று மணி நேரம் பதில் இல்லை' என்பது இடப்பக்கம். 'அவள் என்னைக் கழற்றிவிட்டாள்' என்பது வலப்பக்கம். வலப்பக்கத்தில் இருப்பதற்கு வேறு காரணம் இருக்க முடியுமா என்று பிள்ளையே இரண்டு எழுதட்டும், நீங்கள் எழுதித் தராதீர்கள். தேர்வு பயத்துக்கும் இதே தாள்தான். 'ஃபெயில் ஆனா எல்லாம் போச்சு' என்பது வலப்பக்கம். தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடிவு வந்த அதே வருடம் துணைத் தேர்வு இருக்கிறது, அதே வருடம் கல்லூரியில் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள் என்பது இடப்பக்கம்.

டி.பி.டி.யில் மூன்று மனம் என்று சொல்வார்கள். உணர்ச்சி மட்டும் ஓட்டுவது ஒன்று, கணக்கு மட்டும் ஓட்டுவது இன்னொன்று, இரண்டையும் கேட்டு முடிவெடுக்கும் தெளிந்த மனம் மூன்றாவது. பிள்ளையிடம் உணர்ச்சி மனத்தை ஓட்டி அனுப்பிவிட்டுக் கணக்கு மனத்தைக் கொண்டுவருவதுதான் நல்ல வளர்ப்பு என்று நாம் நினைக்கிறோம். ஆனால் அந்த இரண்டு மனமும் வேண்டும்.

சில நேரம் இடப்பக்கமே மோசமாக இருக்கும், இதை மறக்கக் கூடாது. வகுப்பில் ஒருவன் தொடர்ந்து சீண்டுகிறான், சாதியைச் சொல்லி யாரோ இழிவுபடுத்துகிறார்கள், பெரியவர் ஒருவர் தகாத முறையில் தொடுகிறார் என்றால் பிள்ளையின் பயமும் கோபமும் மிகச் சரியானவை. அங்கே மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். பள்ளியில் எழுத்தில் புகார் கொடுங்கள், குழந்தைகளுக்கான 1098ஐ அழையுங்கள், தேவையென்றால் காவல் நிலையம் போங்கள். மாற வேண்டியது பிள்ளையின் மனம் என்று எப்போது சொல்லலாம், எப்போது சொல்லவே கூடாது என்பதைப் பெரியவர்கள்தான் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கம் நடப்பது

உணர்ச்சி தள்ளும் திசை நிலைமைக்குப் பொருந்தவில்லை என்று தாளில் தெரிந்துவிட்டால், அதற்கு நேர் எதிரான காரியத்தை முழுசாகச் செய்வது அடுத்தது. அரைகுறையாகச் செய்தால் பலன் இராது. பேப்பரைத் தூக்கிக் காட்டிய அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மகள் மூன்று நாள் அந்தப் பாட வகுப்புக்குப் போகாமல் மட்டம் போட்டாள். அவமானம் ஒளியச் சொன்னது. அவள் தப்பு எதுவும் செய்யவில்லை, மதிப்பெண்தான் குறைந்தது. ஆகவே எதிர்ச்செயல் என்ன என்று அவளையே யோசிக்கச் சொன்னேன். நாலாம் நாள் போனாள். வழக்கமான பெஞ்சிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தாள், ஒரு சந்தேகம் எழுந்து கேட்டாள். "கேக்குறப்ப கை நடுங்குச்சும்மா, உட்கார்ந்தப்ப நடுங்கல" என்றாள். சோகத்துக்கு எதிர்ச்செயல் எழுந்து குளித்து வெளியே போவது. நியாயமில்லாத கோபத்துக்கு எதிர்ச்செயல் கொஞ்ச நேரம் விலகி இருந்துவிட்டு, பிறகு குரலைத் தணித்துப் பேசுவது.

கேட்கும் விதம்

பிள்ளைகளின் பாதிச் சண்டை வேண்டியதைக் கேட்கத் தெரியாமல் வருவது. வரிசை இதுதான்: நடந்ததைச் சொல், உனக்கு எப்படி இருக்கிறது என்று சொல், வேண்டியதைத் தெளிவாகக் கேள், கொடுத்தால் எதிராளிக்கு என்ன நன்மை என்று சொல், கிடைக்காவிட்டால் எங்கே இறங்கி வரலாம் என்று வைத்துக்கொள். "ஒன்பது மணிக்கு போனை வாங்கிடுறீங்கப்பா. குரூப்ல நான் மட்டும் இல்லாதது கஷ்டமா இருக்கு. பத்து வரைக்கும் வேணும். பத்துக்கு நானே ஹால்ல வச்சிடுவேன், நீங்க கேக்க வேண்டி வராது. வேணாம்னா வெள்ளி, சனி மட்டும்." என் கணவர் வெள்ளி, சனிக்கு ஒத்துக்கொண்டார். இந்த வரிசையில் ஒழுங்காகக் கேட்டால் சில நாளாவது சரி என்று சொல்லுங்கள். கத்தினால்தான் கிடைக்கும் என்றாகிவிட்டால் பிள்ளை கத்தவே கற்றுக்கொள்ளும்.

உறக்கமும் சோறும்

13 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று தூக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள். ராத்திரி பத்துக்கு டியூஷன் முடிந்து வந்து, பன்னிரண்டு வரை படித்து, விடியற்காலை ஐந்துக்கு எழுப்பிவிடப்படும் பிள்ளைக்கு எந்தத் திறமையைச் சொல்லிக் கொடுத்தும் பயனில்லை. ஐந்து மணி அலாரத்தை நாங்கள் ஆறரைக்கு மாற்றினோம். காலையில் வெறும் டீயோடு போவதையும் நிறுத்தினோம். இரண்டு இட்லியாவது.

தவறிய நாளுக்கு ஒரு தாள்

எல்லாம் பழகிய பிறகும் ஒரு நாள் கதவு சாத்தப்படும். அன்றைக்கு ராத்திரியே விசாரணை வைக்காதீர்கள். மறுநாள் சாயங்காலம், பிள்ளைக்கு விருப்பம் இருந்தால், ஒரு சங்கிலி வரையுங்கள். முந்தின இரவு எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்பதில் தொடங்கி, என்ன நடந்தது, என்ன நினைத்தாய், உடம்பில் எங்கே தெரிந்தது, என்ன செய்தாய், அதற்கப்புறம் என்ன ஆனது என்று கண்ணி கண்ணியாக. எந்தக் கண்ணியில் வேறு மாதிரி போயிருக்கலாம் என்று பிள்ளை ஒரு வட்டம் போடட்டும். நீங்கள் அதே சங்கிலியில் உங்கள் கண்ணிக்கு ஒரு வட்டம் போடுங்கள். எங்கள் தாளில் பெரும்பாலும் என் வட்டம், நான் கதவைத் தட்டிக்கொண்டே இருந்த இடத்தில்தான் விழுந்தது.

வெளி உதவிக்குப் போகும்போது

பிள்ளை சாவை நினைக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள். "செத்துப்போகணும்னு தோணுதாப்பா?" என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதல்தான் பிள்ளைக்கு வரும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், 14416ஐ அழையுங்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள், பூச்சிமருந்தை வீட்டை விட்டே அகற்றுங்கள். இது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். இலங்கையில் 1990களின் நடுவிலிருந்து கொடிய நஞ்சுள்ள பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்தார்கள். அதன்பிறகு அங்கே தற்கொலைச் சாவுகள் மிகப் பெரிய அளவில் குறைந்தன. அந்த ஒரு மணி நேரம் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பது ஒரு உயிரைக் காப்பாற்றிவிடும்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகாத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. தைரியமாகக் கொண்டுபோங்கள்.

அவசரம் இல்லாத நேரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் புறநோயாளிப் பிரிவு நல்ல தொடக்கம். தனியாரிடம் போனால், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டிருப்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். முழு டி.பி.டி. திட்டம் நடத்துபவர்கள் நம் ஊர்களில் குறைவுதான். ஆகவே "இந்தத் திறமைகளைச் சொல்லித் தருவீர்களா, பெற்றோரையும் சேர்த்துக்கொள்வீர்களா" என்று இரண்டு கேள்வி முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். போகும்போது கடைசி இரண்டு வாரத்துத் தூக்க நேரம், சாப்பாடு, கொதித்த நாட்கள், சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் பத்து நிமிடம் மிச்சமாகும். பிள்ளையை மருத்துவரோடு தனியாகப் பேச விடுங்கள். வெளியே வந்ததும் "என்ன சொன்ன?" என்று கேட்காதீர்கள். பஸ் ஸ்டாண்டில் ஒரு கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, அதுவாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள்.